எங்கே முடித்திருக்கிறீர்கள்?

கேள்வி: இந்த ஆண்டு ஐம்பது புத்தகம் படிப்பது என்று ஜனவரியில் தீர்மானம் செய்தேன். 31தான் முடித்தேன். ஒரே ஒரு புத்தகம் இரண்டு மாதத்தை விழுங்கிவிட்டது. இல்லாவிட்டால் ஐம்பதை எட்டியிருப்பேன். நீங்கள் இந்த ஆண்டு எத்தனை முடித்தீர்கள்? அவற்றில் பிடித்த பத்தைப் பட்டியலாகத் தர முடியுமா?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முடித்தேன், முடித்தீர்கள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. பட்டியல் அப்புறம் இருக்கட்டும், முதலில் இந்தச் சொல்லைப் பார்ப்போம்.

உங்கள் ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருங்கள். “பெரியவளை எங்கே முடிச்சிருக்கீங்க?” என்று யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். “சாத்தூர்ல முடிச்சிருக்கோம்” என்று பதில் வரும். முடிப்பது என்றால் அங்கே கட்டிவைப்பது. மூன்று முடிச்சு விழுந்த நிமிடத்திலிருந்துதான் குடித்தனம், சண்டை, சமாதானம் எல்லாமே ஆரம்பம். பாரதக் கதையில் பாஞ்சாலி கூந்தலை முடிப்பதும் இந்த முடிப்புதான். அதே ஊர் டீக்கடையில் “ஆளை முடிச்சிட்டாங்களாம்” என்று ஒருவர் சொன்னால் அது கொலைக் கேஸ். சொல் ஒன்றுதான். ஒரு முடிப்பில் உறவு தொடங்குகிறது, இன்னொரு முடிப்பில் உயிர் போகிறது. உங்கள் 31 புத்தகங்களில் எத்தனையை எந்த வகையில் முடித்தீர்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் காசு வந்தால் சேலைத் தலைப்பில் முடிந்துவைப்பாள். அந்த முடிச்சை அவிழ்க்க அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். திருவிழாவில் ராட்டினம் சுற்ற, ஊசி போட்டுக்கொண்டு அழுகிற பேரனுக்கு மிட்டாய் வாங்க, அந்தந்த நேரத்தில் சரியாக அவிழும். முடித்துவைப்பதற்கும் முடிந்துவைப்பதற்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். நான் புத்தகங்களை இரண்டாவது மாதிரி வைத்துக்கொள்ளவே ஆசைப்படுகிறேன். அப்படி இந்த ஆண்டு என் தலைப்பில் ஏறியவை ஐந்து. பத்து தேறாது.

நீங்கள் கேட்ட மாதிரி ஒரு கேள்வியைத் தமிழில் ஒருவர் சுமார் 145 ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். கேட்டவர் அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார். எதிரே இருந்தவர் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். கேட்க வேண்டுமா? அந்தாதி, கோவை, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று ஆரம்பிக்கிறார். சாமிநாதையர் படித்ததில்லை. படித்தவர் அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய ‘என் சரித்திரம்’தான் என் ஐந்தில் முதலாவது. அதில் இந்த இடத்தை நான் இந்த ஆண்டு நாலு தடவை படித்தேன். கல்லூரி நாட்களில் படித்தபோது முதலியார் மேல் கோபம் வந்தது. இவ்வளவு படித்த மனிதரை இப்படியா மட்டம் தட்டுவது என்று. இப்போது படித்தால் முதலியாரைக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் கேட்ட கேள்வி சாமிநாதையரை அவமானப்படுத்தவில்லை, பிடித்துக்கொண்டது. சிந்தாமணிப் பிரதியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பாட்டு புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையைப் பார்த்தால், உரையே இன்னொரு காடு. சமணக் காவியமாயிற்றே என்று கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்கிறார். அங்கே அதை இன்னும் பாராயணம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊர் ஊராக ஏடு தேடுகிறார். சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-இல். ஒரு புத்தகம் ஏழு வருடத்தை விழுங்கியது அம்மா! உங்களுடையது இரண்டே மாதம். அந்த ஏழு வருடத்தில் போட்ட விதையிலிருந்துதான் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாக வந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘என் சரித்திரம்’ முடியாத புத்தகம். 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 1942 ஏப்ரலில் சாமிநாதையர் காலமானார். 122 அத்தியாயத்தோடு அப்படியே நின்றது. அவர் வாழ்க்கையின் பின்பாதி அதில் இல்லை. எழுதியவருக்கே முடிக்கக் கிடைக்காத புத்தகத்தை, முடித்தேன் என்று நான் எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பேன்?

சாமிநாதையர் பேச்சு வந்ததால் என் பழைய வழக்கையும் இங்கே எடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான். பதிப்பக நண்பர்கள் சிலர் இதனால் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை. சாமிநாதையர் கையால் சீட்டு எழுதி, அகர வரிசையில் அடுக்கி, தான் பதிப்பித்த பழைய நூல்களுக்கு அரும்பத அகராதி சேர்த்தார். கணினி இல்லை, மின்விளக்குகூட இல்லை. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது. 500 பக்க வாழ்க்கை வரலாறு 600 ரூபாய்க்கு வருகிறது, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பெயரடைவு கடைசியில் இல்லை. இந்த ஜனவரியில் அப்படி ஒன்று வாங்கினேன். மார்ச்சில் அதில் ஒரு கடிதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் புரட்டினேன். பதிப்பாளரிடம் கேட்டால், “எட்டு பக்கம் கூடும் சார், யாரும் கேட்கிறதில்லை” என்கிறார். நான் கேட்கிறேன். இருபது வருடமாகக் கேட்கிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உலகம் முழுக்க நூலகர் படிப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர்க்காரர் சொன்னது நம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சரி, இரண்டாவது புத்தகம். அதற்கும் கட்டுவதற்கும் சம்பந்தம் உண்டு. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் 14 வயதில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகச் சேர்ந்தார். ஏழு வருடம். தைப்பதற்கு வந்த புத்தகங்களைத் தைத்துக்கொண்டே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையை அவர் படித்தது அப்படித்தான். வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தானே அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-இல் அவரிடமே உதவியாளராக வேலை கிடைத்தது. ஒரு பைண்டிங் சிபாரிசாக நின்றது! இன்றைக்குப் பசை தடவி ஒட்டிக் கொடுக்கிறார்கள், இரண்டாவது தடவை விரித்தால் நடுப்பக்கம் கையோடு வருகிறது. போகட்டும், அதை இன்னொரு வாரம் பேசுவேன்.

அந்த ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர் சிறுமியருக்காக ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு நடத்தினார். அடுத்த ஆண்டே ‘தி கெமிக்கல் ஹிஸ்டரி ஆஃப் எ கேண்டில்’ என்று புத்தகமாக வந்தது. அதுதான் என் இரண்டாவது. ஜூன் மாதம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. பேத்தி ஏழாம் வகுப்பு. அவளை உட்காரவைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். திரியைச் சுற்றி உருகிய மெழுகு ஒரு குட்டிக் கிண்ணத்தில் நிற்கிறது பார்த்தாயா, அந்தக் கிண்ணத்தை யார் செய்தது என்று கேட்டேன். சூட்டில் காற்று மேலே ஏறுகிறது, ஓரத்தில் சுற்றிவரக் குளிர்ந்த காற்று உரசிக்கொண்டு போகிறது, அதனால் ஓரம் உருகாமல் கரை கட்டி நிற்கிறது. ஃபாரடே முதல் நாளே சொல்வது இதைத்தான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கரை உடைந்து மெழுகு வழிந்து ஓடியது. “தாத்தா, கிண்ணம் போச்சு!” என்று கத்தினாள். ஃபேனை அவளே அணைத்தாள். பிறகு மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்து, எழும்பிய வெள்ளைப் புகையில், திரிக்கு இரண்டு அங்குலம் மேலே, எரிகிற தீக்குச்சியைக் காட்டினோம். தீ புகை வழியாக இறங்கி ஓடித் திரியைப் பிடித்தது. அந்தப் புகை வெறும் புகை இல்லை, ஆவியான மெழுகு. ஒன்பது தடவை செய்யச் சொன்னாள். எங்களுக்கு அந்த ராத்திரி இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. புத்தகம் இன்னும் முதல் சொற்பொழிவிலேயே இருக்கிறது.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப.சிங்காரத்தின் நாவல் ‘புயலிலே ஒரு தோணி’, 1972-இல் வந்தது. மூன்றாவது முறை படிக்கிறேன். இந்தோனேசியாவின் மெடான் நகரில் நிற்கிற கதாநாயகன் பாண்டியனுக்குச் சின்னமங்கலத்துச் சந்தை ஞாபகம் வருகிற பக்கங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’, முதல் பாகம் 1951. சமையல் புத்தகத்தைப் போய் இலக்கியத்தோடு சேர்க்கிறாரே என்று யாராவது எழுதினால் எழுதட்டும். தமிழில் ஒரு வேலையை அடுத்தவர் செய்யும்படி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் அதைத்தான் படிக்கச் சொல்வேன். எங்கள் வீட்டுப் பிரதியில் குழம்புப் பகுதி முழுக்கப் புளிக்கறை. ஐந்தாவது, மா.கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’. கிருஷ்ணன் நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். ஆங்கில நாளிதழில் 46 ஆண்டுகள் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். தமிழில் இன்னும் நிறைய எழுதாமல் போனாரே என்கிற ஏக்கம் எனக்குத் தீரவே தீராது.

ஐந்தும் பழையவை என்று குறை சொல்லாதீர்கள். புதியவையும் படித்தேன். நல்லவை இருந்தன. அவற்றைப் பற்றி நான் பேச இன்னும் சில வருடம் போக வேண்டும். கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் பெண் என்ன சொல்வாள்?

உங்கள் கடிதத்தில் ஒரு குறை இருக்கிறது. இரண்டு மாதத்தை விழுங்கிய அந்தப் புத்தகத்தின் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. மற்ற முப்பதை விடுங்கள். அது எது, எந்த இடத்தில் உங்களை நிறுத்தியது, எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தீர்கள் என்று ஒரு தபால் கார்டு போடுங்கள். வரும் வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பாதி இடம் ஒதுக்கி வைக்கிறேன்.