பெஞ்சு காலியாகும் நேரம்: பேஸ்பால் கைகலப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே இரு அணியினரும் இருக்கையை விட்டு எழுந்து களத்துக்குள் ஓடிவந்து மோதிக்கொள்ளும் காட்சிகளைக் குறித்து, பாலக்காட்டு எல்லையோர ஊர்களிலிருந்து பல கேள்விகள் வந்துள்ளன. பள்ளியிலும் கல்லூரியிலும் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் ஆடும் பிள்ளைகள் நம்மிடையே இருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒருவர் மீது பந்து பட்டதும் இரு தரப்பிலும் உள்ள அத்தனை பேரும் ஓடிவருவதைக் கைப்பேசிக் காணொளிகளில் பார்க்கிறேன். கிரிக்கெட்டில் இல்லாத இந்த வழக்கம் பேஸ்பாலில் மட்டும் எப்படி வந்தது?
(கல்லூரி மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: முதற்காரணம் எண்ணிக்கை. களத்தில் தடுப்பணியினர் ஒன்பது பேர் நிற்கும்போது, மட்டைபிடிக்கும் அணிக்கு அதிகம் போனால் நான்கு பேர்தான் உள்ளே இருப்பார்கள். பந்து தாக்கிய கோபத்தில் ஒரு பேட்டர் (மட்டைபிடிப்பவர்) பிட்சரை (பந்தெறிபவரை) நோக்கி ஓடினால் அவர் தனியாளாக ஒன்பது பேரிடம் மாட்டிக்கொள்வார் என்பதால், டக்அவுட்டில் (களத்தோர இருக்கைப் பகுதியில்) உள்ள அவரது தோழர்கள் எழுந்து வருகிறார்கள். அவர்கள் வந்தால் எதிரணியின் பெஞ்சும் சும்மா இருக்காது. மைதானத்தின் கடைக்கோடியில் புல்பென்னில் (பந்தெறிந்து பழகும் இடத்தில்) இருக்கும் மாற்றுப் பிட்சர்கள்கூட மூச்சிரைக்க ஓடிவருவார்கள். பெரும்பாலும் அவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். ஓடிவருபவர்களில் பலர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பதோடு சரி. ஆனாலும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தவரை அணியினர் எளிதில் மன்னிப்பதில்லை.

இரண்டாவது காரணம் பந்து. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே உள்ள தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், தரையில் படாமல் நேராக வந்துவிடுகிறது. பிளேட்டின் மீது சாய்ந்து நிற்கும் பேட்டரைச் சற்றே பின்வாங்கச் செய்ய உடலுக்கு நெருக்கமாக எறிவது ஆட்டத்தின் ஒரு பகுதி. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. தலையைக் குறிவைப்பது வேறு. 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில், கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன், நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு மறுநாள் உயிரிழந்தார். பேட்டர்கள் ஹெல்மெட் அணியாத காலம் அது. ஒரு பந்து உயிரைக் குடிக்கும் என்று எல்லோரும் அறிந்த ஆட்டத்தில், வேண்டுமென்றே எறிந்தாரா, கைதவறியதா என்ற ஐயம் ஒன்றே இரண்டு பெஞ்சுகளும் காலியாகப் போதுமானது.

கேள்வி: இவற்றுள் மிகக் கொடியது எது? அதில் சம்பந்தப்பட்டவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: 1965 ஆகஸ்ட் 22 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்ததையே சொல்வேன். சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஆகிய இரு பரம வைரிகளும் முதலிடத்துக்காக முட்டிமோதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஜயண்ட்ஸ் பிட்சர் ஹுவான் மாரிஷால் டாட்ஜர்ஸ் வீரர்கள் இருவரை நெருக்கமான பந்துகளால் விலகி விழவைத்திருந்தார். பதிலுக்கு டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ், ஜயண்ட்ஸ் வீரர் வில்லி மேஸின் தலைக்கு மேலே ஒரு பந்தை எறிந்தார். அம்பயர் இரு தரப்பையும் எச்சரித்தார். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் மாரிஷால் மட்டைபிடிக்க வந்தபோது, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் டாட்ஜர்ஸ் கேட்சர் ஜான் ராஸ்போரோ, பந்தை கோஃபாக்ஸுக்குத் திருப்பி எறியும் சாக்கில் மாரிஷாலின் காதை ஒட்டிப் போகும்படி எறிந்தார். அது தற்செயல் அல்ல என்பதை ராஸ்போரோவே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாய்ச்சண்டை முற்றியது, மாரிஷால் கையில் இருந்த மட்டையை ஓங்கி ராஸ்போரோவின் தலையில் அடித்தார்.

சண்டை சுமார் 14 நிமிடம் நீடித்தது. ராஸ்போரோவின் தலையில் 14 தையல் போட்டார்கள். அந்த அமளியில் எதிரணியைச் சேர்ந்த வில்லி மேஸ்தான், முகமெல்லாம் இரத்தம் வழிய நின்ற ராஸ்போரோவைப் பிடித்து அழைத்துச் சென்று, தலையைக் கையில் ஏந்திக் காயத்தைப் பார்த்தார். பேஸ்பால் கைகலப்புகளைப் பற்றி நான் படித்தவற்றில் என் மனத்தில் மிக ஆழமாக நிற்பது இந்தச் செயலே. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் அதே மேஸ் கோஃபாக்ஸின் பந்தில் மூன்று ஓட்டங்கள் தரும் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடி) அடித்தார். ஜயண்ட்ஸ் 4-3 என வென்றது.

அன்றைய சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் மூண்ட கலவரம் ஓய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ராஸ்போரோ வாழ்ந்த நகரம் அது. மாரிஷாலின் தாய்நாடான டொமினிகன் குடியரசில் உள்நாட்டுப் போரும், அமெரிக்கப் படைகளின் தலையீடும் அவ்வாண்டில்தான் நடந்தன. இருவருமே கொதித்த நெஞ்சோடு களம் இறங்கியவர்கள். ஆயினும், மட்டையால் தலையில் அடித்ததற்கு அது சமாதானம் ஆகாது.

மாரிஷாலுக்கு எட்டு ஆட்ட நாள் தடையும் 1,750 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை போதாது என்று டாட்ஜர்ஸ் தரப்பு கொதித்தது. எனக்கும் அது மிகக் குறைவாகவே படுகிறது. ராஸ்போரோ நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். அது பின்னர் 7,500 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1975இல் மாரிஷால் டாட்ஜர்ஸ் அணியிலேயே சேர்ந்தபோது கொதித்தெழுந்த ரசிகர்களை அமைதிப்படுத்தியவர் ராஸ்போரோ. சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்மன்றத் தேர்வில் மாரிஷால் இரண்டு முறை தவறவிட்டபோதும், பழைய அடியைக் காரணமாக்கி அவரை ஒதுக்கக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியவரும் அவரே. 1983இல் மாரிஷால் தேர்வானார். 2002இல் ராஸ்போரோ காலமானபோது இறுதிச் சடங்கில் மாரிஷால் வந்து நின்று பேசினார்.

கேள்வி: எங்கள் பக்கம் செவன்ஸ் கால்பந்தில் ஒருமுறை அடிதடி வந்தால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். பேஸ்பாலில் ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் சண்டை நடந்ததுண்டா?
(வாசகர், வேலந்தாவளம்)

பதில்: உண்டு. 1984 ஆகஸ்ட் 12 அன்று அட்லாண்டாவில் பிரேவ்ஸ் அணிக்கும் சான்டியாகோ பாட்ரேஸ் அணிக்கும் நடந்த ஆட்டம். பிரேவ்ஸின் பஸ்குவால் பெரெஸ், ஆட்டத்தின் முதல் பந்தையே பாட்ரேஸின் ஆலன் விக்கின்ஸ் மீது எறிந்தார். அன்று முழுவதும் பாட்ரேஸ் பிட்சர்களுக்கு ஒரே நோக்கம்: பெரெஸ் மட்டைபிடிக்க வரும் ஒவ்வொரு முறையும் அவரை அடிப்பது. பெரெஸ் குனிந்தும் நகர்ந்தும் தப்பிக்கொண்டே இருந்தார். குறி தவறிய பிட்சர்களும், எறியச் சொன்ன மேலாளர்களும் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றப்பட்டார்கள். எட்டாவது இன்னிங்ஸில் கிரெய்க் லெஃபர்ட்ஸ் எறிந்த பந்து அவர் மீது பட்டதும் மைதானம் இரண்டுபட்டது. காயத்தால் ஆட்டத்தில் இல்லாத பாப் ஹார்னர், சீருடை மாட்டிக்கொண்டு வந்து பெரெஸுக்குக் காவலாக நின்றார். ரசிகர்கள் சிலரும் களத்தில் குதித்து, ஐந்து பேர் கைதானார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் தரப்பு பாட்ரேஸின் கிரெய்க் நெட்டில்ஸ் மீது பந்தை எறிய, மறுபடியும் சண்டை. இறுதியில் அம்பயர்கள், ஆடாத வீரர்கள் அனைவரையும் உடைமாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டு, வெறும் பெஞ்சுகளோடு ஆட்டத்தை முடித்தார்கள். பிரேவ்ஸ் 5-3 என வென்றது. பாட்ரேஸ் மேலாளர் டிக் வில்லியம்ஸுக்குப் பத்து நாள் தடையும் 10,000 டாலர் அபராதமும் கிடைத்தன. முதல் பந்துக்கே அம்பயர் இரு தரப்பையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகப் பேசி நிறுத்தியிருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

கேள்வி: வயதான பிட்சர் ஒருவர் இளைஞரைக் கழுத்தில் பிடித்துக் குத்தும் காட்சி உண்மையா?
(பத்தாம் வகுப்பு மாணவி, கோவிந்தாபுரம்)

பதில்: உண்மைதான். 1993 ஆகஸ்ட் 4, டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன். 46 வயது நோலன் ரயான் எறிந்த பந்து பட்டதும், 26 வயது ராபின் வென்சுரா அவரை நோக்கி ஓடினார். ரயான் இடது கையால் அவர் தலையை இடுக்கிக்கொண்டு வலது கையால் குத்தினார். வெளியேற்றப்பட்டவர் வென்சுரா, ரயான் தொடர்ந்து எறிந்தார், அவரது அணி 5-2 என வென்றது. பலர் இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். நான் இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2003 அக்டோபர் 11, பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் யாங்கீஸ் பயிற்சியாளர் டான் சிம்மர், தம் 72ஆம் வயதில், தம் அணி வீரரின் தலைக்கு அருகே பந்தெறிந்திருந்த எதிரணிப் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸை நோக்கி ஓடினார். மார்ட்டினெஸ் அவர் தலையைப் பிடித்துத் தரையில் தள்ளினார். சிம்மர் இளவயதில், 1953இல், பந்து தலையில் பட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் நினைவிழந்து கிடந்தவர். தலைக்கு நெருக்கமாகப் பந்து வந்தால் அவருக்கு எப்படி இரத்தம் கொதித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். மறுநாள் அவர் கண்கலங்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

கேள்வி: சண்டையால் யாருடைய ஆட்ட வாழ்க்கையாவது பாழானதுண்டா?
(வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: 2017 மே 29 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஜயண்ட்ஸ் பிட்சர் ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட், மூன்றாண்டுக்கு முன் தம் பந்தில் அடிக்கப்பட்ட இரண்டு ஹோம் ரன்களின் பகையை மனத்தில் வைத்து, அவற்றை அடித்த பிரைஸ் ஹார்ப்பர் மீது பந்தை எறிந்தார் என்றே பரவலாகப் பேசப்பட்டது. அடிபட்ட ஹார்ப்பருக்கு மூன்று ஆட்டத் தடை, ஸ்ட்ரிக்லண்டுக்கு ஆறு. ஆனால் உண்மையான விலை கொடுத்தவர் ஜயண்ட்ஸ் வீரர் மைக்கேல் மோர்ஸ். களத்தின் நடுவே ஓடிவந்த அவரும் அவரது அணியைச் சேர்ந்த ஜெஃப் சமார்ஜாவும் ஒருவர்மீது ஒருவர் மோதிக்கொண்டதில், மோர்ஸின் மூளை அதிர்ச்சிக்குள்ளானது. அதன்பின் அவர் அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. 2013இல் பிட்சர் சாக் கிரெய்ங்கிக்குத் தோள்பட்டைக் காறையெலும்பு முறிந்ததும், பந்து பட்ட கோபத்தில் கார்லோஸ் குவெண்டின் ஓடிவந்து மோதியதால்தான்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். சமீபத்தில் ஒரு சாஃப்ட்பால் போட்டியில் எங்கள் மாணவியின் தோளில் பந்து பட்டதும், மற்ற மாணவிகள் எல்லோரும் உள்ளே ஓடிவிட்டார்கள். தோழிக்காக வந்தவர்களைக் கண்டிப்பது சரியா? பெரிய லீகுகளில் பெஞ்சை விட்டு எழுந்தாலே தண்டனை உண்டா?
(கொல்லங்கோடு)

பதில்: அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில், சண்டைக்காகப் பெஞ்சை விட்டு முதலில் இறங்குபவருக்குப் பத்து ஆட்டத் தடை, கூடைப்பந்து லீகிலும் இருக்கையை விட்டு வந்தாலே தடை உண்டு. அவ்விரண்டிலும் பெஞ்சு காலியாகும் சண்டைகள் அருகிவிட்டன. பேஸ்பாலில் எழுந்து வந்ததற்காக மட்டும் அத்தகைய தடை கிடையாது; வந்து என்ன செய்தார் என்றே பார்க்கிறார்கள். 2022 ஜூன் 26 அன்று அனஹைமில் ஏஞ்சல்ஸ், மரினர்ஸ் அணிகள் மோதியபின் 12 பேருக்கு மொத்தம் 47 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலது கையில் கட்டுப் போட்டிருந்த அந்தோனி ரெண்டான், களத்துக்கு வந்து இடது கையை நீட்டியதற்காக ஐந்து ஆட்டம் இழந்தார். பேஸ்பாலும் ஹாக்கியின் வழிக்கு வர வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

உங்கள் மாணவிகளின் அன்பைக் கண்டிக்க வேண்டாம்; ஓடியதை மட்டும் கண்டியுங்கள். அடுத்த போட்டிக்கு முன்பே, யாராவது அடிபட்டால் நீங்களும் தலைவியும் மட்டுமே உள்ளே செல்வது என்றும், மற்றவர்கள் கோட்டைத் தாண்டுவதில்லை என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். எதிரணி ஆசிரியரிடமும் அம்பயரிடமும் அதைச் சொல்லி வையுங்கள். அடிபட்ட பிள்ளையை உடனே பாருங்கள். தலையில் பட்டிருந்தால் அன்று மறுபடி ஆடவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் பந்தை எறிந்த பெண்ணிடமும் போய்ப் பேசுங்கள்; பெரும்பாலும் அந்தப் பிள்ளையும் நடுங்கிப்போய்த்தான் நின்றிருக்கும்.