பிடித்து வைத்த புகைக்குக் காசு கிடைக்குமா?

கேள்வி: அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்க்கிறேன். கில்ன் (சூளை) புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்தால் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு கார்பன் கிரெடிட்டாக விற்கலாம் என்கிறார் ஓர் ஆலோசகர். நம்பி இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிரெடிட் என்பது ஒரு டன் உமிழ்வைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று. வாயுவைப் பிடிப்பதற்கு மட்டும் யாரும் அதைத் தரமாட்டார்கள். திரும்பி வெளியே வராத இடத்துக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். அந்த இடம் எங்கே என்று ஆலோசகர் சொன்னாரா?

தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 வாக்கில் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி காற்றில் கலந்துவிடும். அதைச் சேமிப்பு என்று சந்தையில் விற்க முடியாது.

உங்கள் தொழிலிலேயே உருப்படியான உதாரணம் நார்வேயின் பிரெவிக் ஆலை. ஆண்டுக்கு சுமார் 4 லட்சம் டன், அதாவது அதன் உமிழ்வில் பாதியைப் பிடிக்கும் அமைப்பு 2025-இல் திறக்கப்பட்டது. வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, நார்வேயின் மேற்குக் கரையில் இறக்கி, குழாய் வழியாகக் கடலடிக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். இந்த மொத்த ஏற்பாட்டின் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம். அதோடு ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையில் ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு ஒப்படைக்க வேண்டும். நிரந்தரமாகப் புதைத்த டன்னுக்கு அது வேண்டியதில்லை. மிச்சமாகும் சீட்டுதான் அங்கே வரும்படி. சர்வதேச கிரெடிட் விற்பனை அல்ல. 1996 முதல் வாயுவைப் புதைத்துவரும் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலும் கிரெடிட்டை நம்பித் தொடங்கியதில்லை. 1991-இல் நார்வே போட்ட கார்பன் வரியைத் தவிர்க்கத்தான் அந்த வேலையில் இறங்கினார்கள்.

கிரெடிட் வழியையும் உலகம் முயன்று பார்த்தது. கியோட்டோ ஒப்பந்த காலத்தில், வளரும் நாடுகளின் உமிழ்வுக் குறைப்பைப் பணக்கார நாடுகள் கிரெடிட்டாக வாங்க வழிசெய்த தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் புவியடிச் சேமிப்பைச் சேர்க்க 2011-இல் டர்பன் மாநாட்டில் விதிகள் வகுத்தார்கள். கசிவுக்கு ஈடாக 5 சதவீத கிரெடிட்டை ஒதுக்கிவைக்க வேண்டும். கிரெடிட் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 20 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். நியாயமான விதிகள்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே கிரெடிட் விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஒரு சேமிப்புத் திட்டம்கூடப் பதிவாகவில்லை.

இப்போது இருப்பது பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு. இதன் கீழ் வெளிநாட்டுடன் பரிமாறத் தகுதியானவை என்று 2023-இல் இந்தியா வெளியிட்ட பட்டியலில் கார்பன் பிடிப்பும் சேமிப்பும் இருக்கிறது. உங்கள் ஆலோசகர் இதைத்தான் கையில் வைத்திருப்பார். பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்திய அரசின் அங்கீகாரமும் வேண்டும். அங்கீகரித்து விற்ற டன்னை இந்தியா தன் சாதனையாகக் காட்ட முடியாது. தன் உமிழ்வுக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே டன்னை இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடக்கூடாதே! ஆகவே எந்த அரசும் இதில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்கும். போதாக்குறைக்கு, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்ற உள்நாட்டு கார்பன் சந்தையின் கட்டாய இலக்குக்குள்ளும் சிமென்ட் துறை வந்துவிட்டது. அந்த இலக்குக்காகக் காட்டும் குறைப்பையே வெளியிலும் விற்க முடியாது.

இன்னொரு விஷயம். மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் பெரிய விலை கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். 2024-இல் ஸ்வீடனின் மின்-வெப்ப நிறுவனமான ஸ்டாக்ஹோம் எக்சர்ஜியிடம் 33 லட்சம் டன்னுக்கு மேல் கிரெடிட் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், உண்மைதான். ஆனால் அது மரக்கழிவை எரித்து வரும் வாயு. மரம் காற்றிலிருந்து எடுத்ததைப் புதைப்பதால் அது நீக்கம். உங்கள் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதைப் புதைப்பது உமிழ்வைத் தவிர்ப்பது மட்டுமே. அந்த விலை இதற்குக் கிடைக்காது.

சேமிப்பிடம் பற்றி முதலிலேயே கேட்டேன் அல்லவா? காவிரிப் படுகையின் பெயர் ஆய்வுகளில் அடிபடுகிறது. ஆனால் உங்கள் ஆலை வாயுவை வாங்கிக்கொள்ள வணிக ரீதியில் இயங்கும் கிடங்கு எதுவும் இந்தியாவில் இல்லை. அப்புறம், வாயுவைப் பிடிக்கும் ரசாயனக் கரைசலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க, கரைசலைச் சூடாக்க நீராவி வேண்டும். அதற்கு நிலக்கரி எரித்தால் அந்த உமிழ்வைக் கழித்த பிறகுதான் நிகர டன். ஆலோசகரின் அறிக்கையில் பிடித்த டன் மட்டும் இருக்கிறதா, நிகர டன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்தால் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கசடு கலந்து கிளிங்கர் (சூளையில் சுட்ட, அரைத்துச் சிமென்ட் ஆக்கும் கட்டி) அளவைக் குறைப்பதிலும், கில்ன் வீண்வெப்பத்தில் மின்சாரம் எடுப்பதிலும் பணத்தைப் போடச் சொல்லுங்கள். அந்த வெப்பத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு பின்னாளில் பிடிப்பு அமைப்பு வைக்கும்போதும் தேவைப்படும்.