வீட்டில் ஷாட்கன்னில் தோட்டா ஏற்றிப் பழக எந்த மாதிரி டம்மி தோட்டா வாங்குவது?

12 போர் (போர் என்பது சுடும் குழலின் விட்ட அளவு) பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்குவது) வைத்திருக்கிறீர்கள், குழல் மேகசினில் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் அடிக்குழாய்) வேகமாகத் தோட்டா ஏற்றிப் பழக வேண்டும், ஒளி ஊடுருவும் ஆரஞ்சு பிளாஸ்டிக் டம்மியா, அலுமினிய டம்மியா, காலி உறையில் செய்ததா என்று குழம்புகிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன், இல்லாவிட்டால் வேகத்தைப் பற்றி இவ்வளவு கவலை வராது.

நேரடியான பதில்: நீளமும் எடையும் நீங்கள் சுடும் நிஜத் தோட்டாவை ஒட்டி இருக்க வேண்டும், அடிவிளிம்பு உலோகமாக இருக்க வேண்டும், பார்க்காமல் விரலால் தொட்டாலே இது டம்மி என்று தெரிய வேண்டும். மூன்றாவதில் குறை இருந்தால் முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைகளில் டம்மி கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஸ்னாப் கேப். அதன் வேலை வேறு. காலித் துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்தும்போது ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) வெறுமனே போய் அடிக்காமல், நடுவில் உள்ள ஸ்பிரிங்கோ ரப்பரோ அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது அருமையான பொருள். இரண்டு வாங்கினால் போதும், பல வருடம் வரும். ஆனால் உங்களுக்கு ட்ரிகரில் வேலையே இல்லை. உங்கள் வேலை பெல்ட்டிலிருந்து எடுப்பது, திருப்புவது, கட்டைவிரலால் குழலுக்குள் தள்ளுவது. அதற்கு எடை வேண்டும். 28 கிராம் ரவை (சிறு உலோகக் குண்டுகள்) போட்ட 12 போர் தோட்டா முழுதாக 40 கிராம் வாக்கில் இருக்கும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் டம்மி அதில் பாதிகூட வராது. இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ அள்ளி ஏற்றும் பழக்கம் உங்களுக்கு வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். லேசான டம்மியில் பழகிய விரல் நிஜத் தோட்டாவைப் பிடிக்கும்போது பிடி தளர்ந்து, கடைசித் தோட்டா தரையில் விழும்.

விளிம்பையும் பாருங்கள். பம்ப் துப்பாக்கியில் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைத்தான் கவ்வி இழுக்கிறது. பிளாஸ்டிக் விளிம்பு கொஞ்ச நாளில் பிய்ந்து, துணுக்கு உள்ளே விழுந்து மெக்கானிசத்தில் மாட்டும். அலுமினியம் தாங்கும், ஆனால் அதிலும் பிசிறு வரும். பிசிறு வந்ததை நைஸ் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஏற்றிய டம்மிகளை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் பம்ப் அடித்து சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) வழியாகத் துப்ப வைக்காதீர்கள். பல மாடல்களில் குழலின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் தாழ் ஒன்று இருக்கும். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து அதை விரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாக நழுவிக் கைக்கு வரும். உங்கள் துப்பாக்கிக் கையேட்டில் அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். டம்மியின் ஆயுள் இதனால் பல மடங்கு கூடும்.

நீளத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம் என்று போட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். சுடுவதற்கு முன்னால் நுனி நட்சத்திர மடிப்பாக மடங்கி இருப்பதால் தோட்டா 58 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் ரேஞ்சில் பொறுக்கி வந்த காலி உறையை அப்படியே டம்மியாகப் பயன்படுத்தினால் அது நிஜத் தோட்டாவைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். குழலில் கொள்ளும் எண்ணிக்கை குறையும், லிஃப்டரில் (தோட்டாவைச் சேம்பருக்குத் தூக்கும் தட்டு) ஏறும்போது மாட்டும், விரிந்த வாய் நசுங்கும். "காலி உறை போதுமே, எதற்குக் காசு செலவு" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இனி என் கதை. நான் பயிற்சியாளரும் இல்லை, பதக்கம் வாங்கியவனும் இல்லை. இதற்குக் கீழே வந்து "நீ யார் சொல்ல" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

என் டம்மிகளை ரீலோடிங் பிரஸ் (சுட்ட உறையில் மறுபடி தோட்டா செய்யும் கருவி) வைத்திருக்கும் நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். ஒருமுறை சுட்ட உறை, அதே செத்த பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி). வெடிமருந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்துண்டு, மேலே தக்கை, ரவை, பழையபடி மடிப்பு. அப்புறம் பித்தளைக்குச் சற்று மேலே உறையையும் மரத்தையும் சேர்த்து குறுக்காக ஒரு துளை. எடை, நீளம், விளிம்பு எல்லாம் அசல். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கட்டைவிரல் அந்தத் துளையில் போய் இறங்கும். உறை முழுவதும் நீலமாக அடித்திருக்கிறேன், நான் சுடும் தோட்டா எதுவும் நீலம் கிடையாது. நாங்கள் போகும் கிளப்பில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஓட்டை போட்ட பொம்மை என்று பெயரே வைத்தார்கள். கிளப்பின் டம்மிகள் வேறு மாதிரி. சிவப்பு உறை, துளை கிடையாது, பித்தளை அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் பெருக்கல் குறி. அவ்வளவுதான் அடையாளம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏற்றுமுறை சொல்லிக் கொடுக்கும் ஒரு நாள், உதவிக்கு என்னை நிற்கச் சொன்னார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் டம்மிப் பையை மேசையில் கவிழ்த்தார். கைபட்டு கைபட்டு அந்தக் கறுப்புக் குறி பாதிக்கு மேல் அழிந்துபோயிருந்தது. ஒரு இளைஞர் எடுத்து ஏற்றத் தொடங்குவதற்குள் நான் ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்த்தேன், அது என் வழக்கம். எல்லாவற்றிலும் பிரைமரின் நடுவில் ஃபயரிங் பின் குத்திய குழி இருந்தது. ஒன்றில் இல்லை. வழவழவென்று, கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. அதே சிவப்பு, அதே எடை, ஆட்டினால் அதே ரவைச் சத்தம். சுடாத, உயிருள்ள தோட்டா.

அதைத் தனியாக எடுத்து வைத்து, "அண்ணே, இது டம்மி இல்லை" என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் வாயில் வந்த வார்த்தை "ஒன்னுதானப்பா, அதான் பார்த்துட்டியே". எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த வார்த்தைதான். அந்தத் துப்பாக்கி நீட்டியிருந்த திசையில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் உட்காரும் அறை. தோட்டா ஏற்றிப் பழகுபவர் பம்ப் அடித்துப் பார்ப்பார், ட்ரிகரைத் தொடுவார், டம்மிதானே என்ற தைரியத்தில் எல்லாமே செய்வார். ஒன்றே ஒன்று போதும். எச்சரிக்கையாக இருப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்று பார்க்கும் புத்தி துப்பாக்கி பிடிப்பவர்களிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

அதனால் வீட்டுப் பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு மாறாதது. பழகும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்காது, பூட்டிய பெட்டி வேறு அறையில். சேம்பரைக் கண்ணால் பார்ப்பேன், விரலை விட்டும் பார்ப்பேன். குழல் மேகசினில் தோட்டாவைத் தள்ளும் தட்டு தெரிகிறதா என்று பார்ப்பேன். நடுவில் தொலைபேசி வந்து எழுந்து போனால் திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பேன். மிகை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நிறம் பற்றி இன்னொன்று. 12 போர் டம்மிக்கு மஞ்சள் அடிக்காதீர்கள், மஞ்சளாக விற்பதை வாங்காதீர்கள். மஞ்சள் 20 போருக்கு ஒதுக்கிய நிறம், அதற்குக் காரணம் உண்டு. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டி நழுவிப் போய்ச் சுடும் குழலின் தொடக்கத்தில் உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சேம்பர் காலி போல இருக்கும். அதன் பின்னால் 12 போரை ஏற்றிச் சுட்டால் சுடும் குழல் வெடிக்கும். முன்னால் இருப்பது டம்மியாக இருந்தாலும் அடைப்பு அடைப்புதான். வீட்டில் இரண்டு போரும் வைத்திருப்பவர் என்றால் டம்மிகளையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

எத்தனை வேண்டும் என்றால், குழல் மேகசின் கொள்ளும் எண்ணிக்கையும் பெல்ட்டில் இன்னொரு சுற்றும். இரண்டு மட்டும் வாங்கிப் பழகினால் கை ஓட்டமே வராது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. நான் இடதுகைக்காரன், ஆதிக்கக் கண்ணும் இடதுதான். எனக்கு வந்த பயிற்சியாளர்களில் பாதிப் பேர் முதல் நாளே "வலது தோளுக்கு மாத்திக்கோங்க" என்றார்கள். காலி உறையை வெளியேற்றும் வாய் வலப்பக்கம் இருக்கிறதாம், சேஃப்டி வலதுகைக்காரருக்கு வைத்ததாம். சரி, சேஃப்டி உண்மை. ஆனால் காலித் துப்பாக்கியில் அவசரத்துக்கு ஒரு தோட்டாவை நேராக அந்த வாய் வழியே போடும்போது யாருக்கு வசதி? வலதுகைக்காரர் இடக்கையை அடியில் வளைத்தோ மேலே சுற்றியோ கொண்டுபோக வேண்டும். என் வலக்கை ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருக்கிறது, நேராகப் போட்டுவிடுகிறேன். இதை ஒரு பயிற்சியாளர்கூடச் சொல்லித் தரவில்லை, டம்மியை வைத்துக்கொண்டு நானாகக் கண்டுபிடித்தேன். இடதுகைக்காரர் யாராவது இதைப் படித்தால் தோளை மாற்றாதீர்கள்.

கடைசியாக, டம்மியை நீங்களே செய்ய நினைத்தால் நிஜத் தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் செய்யாதீர்கள். பிரைமர் உள்ளே உயிரோடுதான் இருக்கும், அது தனியாக வெடித்தாலே காயம்தான். பிரஸ்ஸும் அனுபவமும் இல்லை என்றால் எடையுள்ள அலுமினிய டம்மியை வாங்குங்கள், நான் சொன்ன வகை கிடைக்காதபோது அதுதான் அடுத்தது. வாங்கும்போது ஒரு நிஜத் தோட்டாவின் எடையைக் குறித்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்கள், தோட்டாவையே பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஈய ரவை போட்ட டம்மி என்றால் பழகி முடித்ததும் கை கழுவுங்கள். மடிப்பு விரிந்து ரவை கசியத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது. அதைக் குப்பையில் முழுதாகப் போடாமல் ரவையைத் தனியே எடுத்துவிட்டு உறையை வெட்டிப் போடுங்கள். உங்கள் துப்பாக்கி எந்த மாடல், 3 அங்குல சேம்பரா என்று எழுதினால் நீளம் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.