யார் வீட்டுத் தாத்தாவோ!

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தெருமுனைக் காயலான் கடைக்கு வரும் பழைய கருப்பு வெள்ளை போட்டோக்களை ஐந்து, பத்து கொடுத்து வாங்கிச் சேர்க்கிறேன். இருநூறுக்கு மேல் தேறிவிட்டது. இவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். சிலருக்குப் பெயர்கூட வைத்திருக்கிறேன். நாலைந்து படங்களுக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப் போனபோது, "செத்துப்போன யாரோ எவரோ நம்ம வீட்டுச் சுவத்துல எதுக்கு?" என்று மனைவி சண்டைக்கு வந்துவிட்டார். நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம், சென்னை-81

பதில்: தப்பில்லை. ஆனால் சுவர் விஷயத்தில் நான் உங்கள் மனைவி கட்சி. நம் வீடுகளில் சுவரில் தொங்கும் பழைய படத்துக்குப் பொட்டு, மாலை, திவசத்தன்று படையல் என்று ஒரு முறை இருக்கிறது. அதெல்லாம் செய்யப்போவதில்லை என்றால் பெட்டியில் வையுங்கள். பெயர் வைப்பது உங்கள் இஷ்டம்; படத்தின் பின்னால் மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளைக்கு யாராவது அதை நிஜமென்று நம்பித் தொலைப்பார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறீர்களா, கட்டோடு வாங்குகிறீர்களா? கட்டு என்பது ஒரு வீடு. பளிச்சென்றிருக்கும் பெண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு, மங்கலான குரூப் போட்டோவை விட்டுவிட்டு வந்தால், அவள் யாரோடு நின்றாள் என்பது பேப்பர் கூழாகப் போய்விடும். வாங்கும் அன்றே, "எந்தத் தெரு சரக்குண்ணே, வீடு இடிச்சாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கடைக்காரருக்கே நினைவிருக்காது.

அப்புறம், முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். என்னிடம் ஒரு படம்: பத்து வயதுப் பையன், கோட்டு, டை, பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. பணக்கார வீட்டுப் பிள்ளை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கோட்டின் கை விரல்நுனிவரை தொங்குவதும், காலில் செருப்பு இல்லாததும் தெரிந்தன. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது! அந்தக் காலத்தில் கோட்டு, டை, பவுடர், சீப்பு எல்லாம் அங்கேயே இருக்கும்.

பின்பக்க முத்திரையில் 'மெட்ராஸ்-21'. அதாவது வண்ணாரப்பேட்டைப் பக்கம். ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். '600 021' என்று இருந்தால் படம் அதற்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்லலாம். வெறும் 21 என்றால் முந்தியது என்று சொல்ல முடியாது. நீங்களே சென்னை-81 என்றுதானே போட்டிருக்கிறீர்கள்!

இன்னொரு வழி, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரி, போட்டோ பேப்பரிலும் 1950-களில் வெளுப்பூட்டும் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டில் படம் நீலமாக மின்னினால் அதற்கு முந்தியது அல்ல. மின்னாவிட்டால் எதுவும் சொல்வதற்கில்லை.

ரங்கூன் முத்திரை கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து கிட்டத்தட்ட வெறுங்கையோடு வந்த பலர் வியாசர்பாடியில்தான் குடியேறினார்கள். நகல் எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள பெரியவர்களிடம் காட்டுங்கள். சொந்தக்காரர் கிடைத்தால் அசலைக் கொடுத்துவிடுங்கள், காசு வாங்காமல். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை ஒரு திட்டமாகவே சேகரித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அவர்களுக்கும் எழுதிக் கேட்கலாம்.

லேமினேஷன் கூடவே கூடாது. செலோடேப்பும் வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். நம் பக்கத்துக் கடல் காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அதனால் பெட்டி தரையில் இருக்க வேண்டாம். பீரோ மேல் வைக்கலாமா என்பதை மட்டும் மனைவியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.