பட்டா மேல்மண்ணுக்கு மட்டும்: ஈக்வடார் காட்டு மக்களும் எண்ணெய்க் கிணறுகளும் – கேள்வி பதில்

ஈக்வடாரின் அமேசான் காட்டில் எண்ணெய் எடுப்பதைப் பழங்குடி மக்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே. சட்டத்தையும் களப்பணியையும் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அவர்களிடம் பட்டா இருக்கிறதே. பிறகு நிறுவனம் எப்படி உள்ளே நுழைகிறது?

பட்டா மேல்மண்ணுக்கு மட்டும்தான். பாஸ்தாஸா மாகாணத்தில் சராயாகு கிச்சுவா மக்களுக்கு 1992இல் சுமார் 1,35,000 ஹெக்டேருக்குப் பட்டா கிடைத்தது. நிலத்தடி வளம் அரசுக்கே என்ற வரியும் அதே ஆவணத்தில் இருந்தது. நான்கே ஆண்டில், 1996இல், அர்ஜென்டினாவின் சி.ஜி.சி. என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு அரசு 23ஆம் தொகுதியைக் கொடுத்துவிட்டது. தொகுதி என்றால் எண்ணெய் எடுக்க அரசு பிரித்து எண்ணிட்ட நிலப்பகுதி. 2,00,000 ஹெக்டேர் தொகுதி அது. ஏறத்தாழ 65 சதவீதம் சராயாகு நிலம். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2008ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் நிலத்தடி வளம் அரசுடையதுதான். அதனால் "நிலம் எங்களுடையது" என்ற வாதம் மட்டும் நீதிமன்றத்தில் எடுபடாது. "எங்களைக் கேட்டீர்களா, எப்படிக் கேட்டீர்கள்?" என்ற வாதம்தான் வழக்குகளை வென்று தந்திருக்கிறது.

கேள்வி: கேட்பது என்றால், ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதாதா?

போதாது. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஈக்வடார் 1998இல் ஏற்றது. அரசியலமைப்பின் 57ஆம் பிரிவும் முன்கலந்தாய்வை, அதாவது திட்டத்துக்கு முன்பே மக்களைக் கேட்பதை, கட்டாயமாக்குகிறது. தொகுதியை ஏலம் விடும் முன்பே கேட்க வேண்டும், மக்களின் மொழியில் கேட்க வேண்டும், தீங்குகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிவெடுக்கப் போதிய காலமும் தர வேண்டும், அந்த மக்களின் சொந்த சபை வழியாகவே முடிவு வர வேண்டும்.

22ஆம் தொகுதி விவகாரத்தில் வாவொரானி என்ற இன்னொரு பழங்குடி மக்களிடம் 2012இல் அரசு நடத்திய கலந்தாய்வு இந்தச் சோதனையில் தோற்றது. அதிகாரிகள் சிறு விமானத்தில் வந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்கள், சொன்னது பெரியவர்களுக்குப் புரியவே இல்லை என்று 16 கிராமங்களின் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். பாஸ்தாஸா நீதிமன்றம் 2019 ஏப்ரல் 26 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூலையில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஏறத்தாழ 1,80,000 ஹெக்டேர் காடு ஏலத்திலிருந்து தப்பியது.

இப்படிப்பட்ட கூட்டம் எங்கே நடந்தாலும் மூன்று வேலைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "வருகை மட்டும், சம்மதம் அல்ல" என்று எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து வைக்க வேண்டும். கூட்டத்தை முழுதாக ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்த்தவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கில் அது பெரிதாகக் கைகொடுக்கும்.

கேள்வி: மக்கள் "வேண்டாம்" என்று சொன்னால் திட்டம் நின்றுவிடுமா ஐயா?

தானாக நிற்காது. சம்மதம் கிடைக்காவிட்டால் சட்டப்படி நடக்கலாம் என்று 57ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தங்கச் சுரங்க அனுமதிகளை எதிர்த்து சினாங்கோ ஊரின் கோஃபான் பழங்குடி மக்கள் நடத்திய வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் அந்த வாசலை மிகவும் குறுக்கியது. கலந்தாய்வின் நோக்கம் சம்மதம் பெறுவதே, மறுப்பை மீறுவது விதிவிலக்காக மட்டுமே இருக்கலாம், அப்போதும் மக்களின் கூட்டுரிமையையும் இயற்கையின் உரிமையையும் அளவுக்கு மீறிப் பலியிடக் கூடாது என்றது. எண்ணெய் வழக்குகளுக்கும் இதுவே இன்று பெரிய பிடிமானம்.

கேள்வி: வரைபடம் வரைவதில் ஏன் இவ்வளவு உழைப்பு?

நிறுவனத்தின் வரைபடத்தில் தொகுதி எல்லை, ஆறு, கிணறு வரும் இடம் இருக்கும். மற்றதெல்லாம் வெற்றிடம். ஆளில்லாக் காடு என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. வாவொரானி மக்கள் வேட்டைப் பாதை, மருந்துச் செடி, பழைய வீட்டுத் தலம், மீன் பிடிக்கும் மடு எல்லாவற்றையும் குறித்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள்.

முதலில் பெரியவர்கள் உட்கார்ந்து பெரிய தாளில் கையால் வரைய வேண்டும். எதற்கு எந்தக் குறி என்று ஊரே முடிவு செய்ய வேண்டும். பிறகு ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து புள்ளி எடுக்க வேண்டும். அச்சிட்ட படத்தை ஊருக்குக் கொண்டுபோய்த் திருத்தி, சபையில் ஒப்புதல் வாங்கிய பிறகே வெளியே காட்டலாம்.

தவறு நேரும் இடங்கள்: அடர்ந்த மர நிழலில் செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறும். ஒரே இடத்தில் சில நிமிடம் நின்று சராசரி எடுங்கள். இன்னொன்று, ஈக்வடாரின் பழைய அரசு வரைபடங்கள் பி.எஸ்.ஏ.டி. 56 என்ற பழைய நில அளவீட்டு ஆதாரத்தில் அமைந்தவை, ஜி.பி.எஸ். கருவிகளோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு ஆதாரத்தில் இடத்தைக் காட்டும். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எல்லை சில நூறு மீட்டர் நகர்ந்துவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே முழு வரைபடத்தையும் பொய் என்பார். புனிதத் தலங்களும் அரிய மருந்துச் செடிகளும் உள்ள பதிப்பு ஊரிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்துக்கு வேறு பதிப்பு தனியாக வேண்டும்.

கேள்வி: கிணறே தோண்டாத நிலையில், வெறும் ஆய்வால் என்ன கெடுதல்?

நில அதிர்வு ஆய்வுக்கு நேர்கோடாகக் காட்டை வெட்டுவார்கள், வழியெல்லாம் குழி தோண்டி வெடிமருந்து வைப்பார்கள், ஹெலிகாப்டர் இறங்கத் தளம் அமைப்பார்கள். சராயாகுவில் 2002–2003இல் 467 குழிகளில் ஏறத்தாழ 1,433 கிலோ பென்டோலைட் வெடிமருந்து வைக்கப்பட்டது. ஏழு ஹெலிகாப்டர் தளங்கள் வெட்டப்பட்டன. ஊற்றுகள் அழிந்தன, வைத்தியர் ஒருவர் போற்றிய புனித மரம் வெட்டப்பட்டது. மக்கள் வேலையையும் பள்ளியையும் நிறுத்தி, காட்டின் எல்லைகளில் "அமைதி, வாழ்வு" முகாம்கள் போட்டு மாதக்கணக்கில் காவல் இருந்தார்கள். தோட்ட வேலை நின்றதால் உணவு தட்டுப்பட்டது. அந்த விலையை அவர்கள் தெரிந்தே கொடுத்தார்கள்.

அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2012 ஜூன் 27 அன்று அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பொருள் இழப்புக்கு 90,000 டாலர், மற்ற இழப்புக்கு 12,50,000 டாலர், வெடிமருந்தை அகற்றும் கட்டளை. பணம் வந்துவிட்டது. வெடிமருந்தின் பெரும்பகுதியோ தீர்ப்பு வந்து பத்தாண்டு கடந்தும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

கேள்வி: ஓடையில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் எண்ணெய்தானே?

எப்போதும் அல்ல. இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்களும் அப்படியே மினுக்கும். குச்சியால் கலக்கிப் பாருங்கள்: நுண்ணுயிர்ப் படலம் கண்ணாடிச் சில்லாக உடைந்து நிற்கும், எண்ணெய் சுழன்று மறுபடி கூடிக்கொள்ளும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதானால்: ஹைட்ரோகார்பனுக்கு, அதாவது எண்ணெயில் உள்ள சேர்மங்களுக்கு, ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் புட்டி. அதை ஓடைத் தண்ணீரால் அலசக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டி அளவைக் கூட்டிவிடும். கன உலோகத்துக்கு பிளாஸ்டிக் புட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே. ஹைட்ரோகார்பன் மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கசிவுக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில், ஒரு மாதிரி கட்டாயம் எடுங்கள். அது இல்லாவிட்டால் "இயற்கையிலேயே இப்படித்தான்" என்று நிறுவனம் தப்பிக்கும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாள் புட்டியோடு பயணிக்க வேண்டும்.

எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரைப் பிடிக்க மின்கடத்துதிறன் அளவி நல்ல மலிவான கருவி. காட்டுச் சிற்றோடையில் அளவு பெரும்பாலும் 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கும், உப்புநீர் கலந்தால் ஆயிரங்களுக்குத் தாவும். ஆனால் ஈக்வடாரின் ஒல்யீன் பாறைப் படிவத்து நீரில் உப்பு குறைவு. அளவு தாழ்ந்திருப்பதால் மட்டும் தண்ணீர் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாப் பழங்குடிகளும் எதிர்க்கிறார்களா?

இல்லை. சாலை, மருத்துவமனை, வேலை என்று அரசு தராததை நிறுவனம் தருகிறேன் என்னும்போது ஏற்கும் ஊர்களும் உண்டு. சராயாகுவுக்கும் 2000இல் 60,000 டாலரும் 500 வேலையும் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் சபை கூடி மறுத்தது. ஏற்ற ஊரைத் துரோகி என்று ஏசுவது தவறு, அந்தப் பிளவுதான் நிறுவனத்துக்கு வேண்டியது.

கேள்வி: யசுனி தேசியப் பூங்காவில் எண்ணெய் எடுப்பதற்கு எதிராக மக்கள் வாக்களித்து வென்றார்களே, இன்னும் ஏன் எண்ணெய் ஓடுகிறது?

2023 ஆகஸ்ட் 20 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் 43ஆம் தொகுதியின் எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விடச் சொன்னார்கள். வெளியேற ஓராண்டு கெடு. கெடு முடியும் தறுவாயில், 2024 ஆகஸ்டில்தான் அந்தத் தொகுதியின் இஷ்பிங்கோ பகுதியில் முதல் கிணறு மூடப்பட்டது. 240க்கும் மேற்பட்ட கிணறுகளுக்கு அரசின் அட்டவணை 2029 வரை நீள்கிறது. தன்னந்தனியே வாழும் தகாயெரி, தரோமெனானே மக்கள் வழக்கில் அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2025 மார்ச்சில் வெளியிட்ட தீர்ப்பும் வாக்கெடுப்பின் முடிவை நிறைவேற்றச் சொல்கிறது.

மூடிய கிணறு என்று அறிக்கை வந்தால் எப்படி மூடினீர்கள் என்று கேளுங்கள். வால்வைத் திருகி நிறுத்துவது தற்காலிகம், எந்த அரசும் நாளைக்கே திறக்கலாம். நிரந்தரம் என்றால் உள்ளே இருக்கும் பம்பையும் குழாயையும் வெளியே எடுத்து, எண்ணெய்ப் படிவத்துக்கு எதிரிலும் அதற்கு மேலும் சிமெண்ட் அடைப்பு வைத்து, அழுத்தச் சோதனை செய்து, கிணற்றுச் சுவரைத் தாங்கும் உறைக் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி எடுத்திருக்க வேண்டும். கிணறு எண் வாரியாகச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கிணற்று மேடையும் சாலையும் அகற்றப்படும் தேதியையும் அதே மனுவில் கேளுங்கள். சாலை இருக்கும் வரை மரம் வெட்டுபவர்கள் வருவது நிற்காது.