பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை தருகிறார்களே, தினமும் ஏன் தருவதில்லை?

இந்திய அரசின் வாராந்திர இரும்புச்சத்துத் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் வளரிளம் பருவ மாணவ, மாணவியருக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட இம்மாத்திரை வழங்கப்படுகிறது. பள்ளி செல்லாத வளரிளம் பெண்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். வாரம் ஒரு மாத்திரை என்பது இரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவே தவிர, வந்தபின் குணப்படுத்துவதற்கான அளவு அன்று. ஏற்கெனவே சோகை உள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனிச் சிகிச்சை உண்டு. கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையான அல்பெண்டசோலும் தரப்படுகிறது.

நீல மாத்திரை போட்ட பிறகு மலம் கறுத்திருப்பதைக் கண்டு பெற்றோர் பதறுவதுண்டு. உடலில் சேராத இரும்பின் நிறம்தான் அது, அஞ்ச வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் மதிய உணவுக்குப் பின் போடுவதே நல்லது. ஆனால் கையோடு தேநீர் குடித்தால் இரும்பில் ஒரு பகுதி உடலில் சேராமலே போய்விடும்.