மெகலோடானின் நீளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஒன்பது வயது மகள் மெகலோடான் சுறாவின்மேல் பித்தாக இருக்கிறாள். அது ஆழ்கடலில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்வது? அதன் நீளம் 9 மீட்டர் என்கிறார்கள், 16 என்கிறார்கள், இப்போது 24 என்கிறார்கள். கிடைத்தவை வெறும் பற்கள்தானே? மற்றதெல்லாம் விஞ்ஞானிகளின் ஊகம்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மெகலோடான் இன்று இல்லை. ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது அற்றுப்போய்விட்டது. சுற்றியிருக்கும் நீரைவிட உடலை வெப்பமாக வைத்துக்கொண்டு, திமிங்கிலங்களைத் தின்று வாழ்ந்த விலங்கு, இரை அரிதான ஆழ்கடல் பள்ளத்தில் ஒளிந்து வாழ வழியில்லை. மகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள்.

ஆனால் எண் மாறுகிறது, ஆகவே எல்லாம் ஊகம் என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட என்னால் இயலாது. அண்மைக்காலமாக எங்கும் கேட்கும் பேச்சு இது. படித்தவர்களும் சொல்வதுதான் வேதனை. வெறும் பற்கள் என்று இகழாதீர்கள். 1666இல், இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த உடற்கூறு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ, பாறைகளில் கிடைத்து நாக்குக்கற்கள் என்று அழைக்கப்பட்டவை பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று வாதிட்டார். பாறை அடுக்குகளை வாசிக்கும் கலைக்கு அவரை இட்டுச்சென்றது அந்தக் கேள்விதான். மெகலோடானின் உடல்வெப்பம் நமக்குத் தெரிந்திருப்பதும் பல்லின் எனாமலில் உள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்ததால்தான்.

மேலும், கிடைத்தவை பற்கள் மட்டுமல்ல. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது, எளிதில் கல்லாவதில்லை. அப்படியிருந்தும், ஒரே விலங்கினுடையவை என்று கருதப்படும், முதுகுத்தண்டைச் சேர்ந்த 141 முள்ளெலும்புகள் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் கிடைத்தன. உங்களைக் குழப்பிய எண்களில் இரண்டு அவற்றிலிருந்து பிறந்தவை. அவற்றில் மிகப் பெரிய முள்ளெலும்பின் விட்டம் சுமார் 15.5 செ.மீ. இன்று வாழும் பெருவெள்ளைச் சுறாவுக்கு அத்தனை விட்டமுள்ள முள்ளெலும்பு இருந்தால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கணக்கிட்டு, 2021இல் 9.2 மீட்டர் என்றார்கள். 2022இல் அதே எலும்புகளைக் கொண்டு கணினியில் முழு உடலை உருவாக்கியபோது 16 மீட்டர் வந்தது. பிறகு ஒரு முரண் கண்ணில் பட்டது: முள்ளெலும்புகளை வரிசையாக அடுக்கினாலே 11.1 மீட்டர் ஆகிறது. முதுகுத்தண்டு 9.2 மீட்டர் என்று சொன்ன முழு உடலைவிட நீளமாக இருக்க முடியுமா? முடியாது. ஆகவே மெகலோடான் பெருவெள்ளைச் சுறாவைப் பெரிதாக்கிய வடிவம் அல்ல, அதைவிட ஒல்லியான, நீண்ட உடல் கொண்டது என்ற முடிவை நோக்கி ஆய்வாளர்கள் நகர்ந்தார்கள். 24 மீட்டர் வேறொரு மெகலோடானைப் பற்றியது. டென்மார்க்கில் கிடைத்த, 23 செ.மீ. விட்டமுள்ள முள்ளெலும்பிலிருந்து 2025இல் வந்த மதிப்பீடு.

எந்த எலும்பை, எந்தச் சுறாவோடு ஒப்பிட்டார்கள் என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் எழுதப்பட்டிருக்கிறது. எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். அந்த வழியைக் காட்டாமல் எண்ணை மட்டும் உருவி எடுத்துப் பரப்பும் காணொளிகளின்மேல் வரவேண்டிய கோபத்தை, வாழ்நாள் முழுக்க எலும்பை அளந்துகொண்டிருப்பவர்கள்மேல் காட்டுவது அநியாயம்.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த பெல்ஜிய முள்ளெலும்புகளில், மரத்தில் இருப்பதுபோல வளர்ச்சி வளையங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணியதில், இறக்கும்போது அதற்கு வயது 46. பிறக்கும்போதே சுமார் 2 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்பதும் அந்த வளையங்களிலிருந்து கணக்கிட்டதுதான். பிறந்த குட்டியின் நீளத்தை வளையத்திலிருந்து எப்படி அறிவது என்று அவள் கேட்டால், மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்